செவ்வொளியும் நோய் நீக்கமும்

ஒளியை மருந்தாகக் கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. பண்டை எகிப்தியரும் கிரேக்கரும் உடலை வெயிலில் காட்டி நலம் தேடினர். நம் நாட்டு மருத்துவர்கள் வெண்குட்டத்திற்குக் கார்போகரிசியைக் கொடுத்து, நோய் கண்ட இடத்தை இளவெயிலில் காட்டுமாறு கூறினர். அவ்விதையில் உள்ள ஒரு பொருள் ஒளியோடு கூடும்போதுதான் தோலில் வேலை செய்கிறது என்பதை 20ஆம் நூற்றாண்டின் வேதியியல் பின்னர் விளக்கிற்று. ஆகவே ஒளி நோய் தீர்க்கும் என்ற எண்ணத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது.

இன்று அந்தப் பழைய எண்ணம் புதுக்கோலம் பூண்டு வந்திருக்கிறது. செவ்வொளி வீசும் முகமூடிகளும், பலகைகளும், தலைக்கவசங்களும் கடைகளில் விற்கப்படுகின்றன. முகச்சுருக்கம் மறையும், பரு ஆறும், உதிர்ந்த முடி வளரும், மூட்டுவலி நீங்கும், உறக்கம் வரும் என்றெல்லாம் விளம்பரங்கள் கூறுகின்றன. இவற்றுள் எது மெய், எது மிகை? நான் மருத்துவன் அல்லன்; பள்ளியாசிரியனாகத் தொடங்கித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆயினும் ஒரு கூற்றை எவ்வாறு சோதித்து ஏற்பது என்பதைப் பல்லாண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த உரிமையோடு, செவ்வொளியின் வரலாற்றை இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒளியின் இயல்பைச் சிறிது நினைவுகூர்வோம். வெண்ணிற ஒளி பல நிறங்களின் கூட்டு என்பதை ஐசக் நியூட்டன் 1666ஆம் ஆண்டளவில் முப்பட்டகக் கண்ணாடியைக் கொண்டு காட்டினார். இருட்டிய வகுப்பறையில் சுவரின்மீது அந்த நிறமாலை விழும்போது மாணவர்கள் எழுப்பும் ஆரவாரத்தை எந்த ஆசிரியரும் மறக்கமாட்டார். அம்மாலையின் ஒரு முனை சிவப்பு, மறுமுனை ஊதா. சிவப்பிற்கு அப்பால் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர் உண்டு என்று 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டார். ஊதாவிற்கு அப்பாலும் ஒரு கதிர் உண்டு என்று 1801இல் யோகான் ரிட்டர் கண்டார். முன்னதை அகச்சிவப்பு என்றும், பின்னதைப் புற ஊதா என்றும் இன்று வழங்குகிறோம். 1877இல் டௌன்ஸ், பிளண்ட் என்ற இரு ஆங்கிலேயர், ஒளி நுண்ணுயிர்களைக் கொல்லவல்லது என்று காட்டினர். அந்த ஆற்றல் சிவப்பு முனையில் குறைவு. நீல ஊதா முனையில் மிகுதி. நம் வரலாற்றுக்கு இது முக்கியமான செய்தி.

சிவப்பு நிறத்தின்மீது மருத்துவர்களுக்கு இருந்த பற்று நியூட்டனுக்கும் முந்தியது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் ஆஃப் காட்ஸ்டன் என்ற ஆங்கில மருத்துவர், அரசிளங்குமரன் ஒருவனுக்கு அம்மை கண்டபோது, படுக்கையைச் சுற்றிலும் செந்நிறத் துணியே இருக்குமாறு செய்து வடுவின்றிக் குணப்படுத்தியதாக எழுதி வைத்தார். ஜப்பானிலும் அம்மை கண்ட பிள்ளைகளுக்குச் செந்நிற ஆடை உடுத்தும் வழக்கம் இருந்தது. கொப்புளம் சிவப்பு, ஆதலால் சிவப்பே அதற்கு மாற்று என்பது போன்ற எண்ணமே இவற்றின் அடியில் இருந்தது.

இந்தப் பழைய வழக்கத்திற்கு அறிவியல் உடை உடுத்தியவர் நீல்ஸ் பின்சன் என்ற டென்மார்க்கு மருத்துவர். அவர் 1860இல் பரோ தீவுகளில் பிறந்தவர். மழையும் மூடுபனியும் மிகுந்த நாடு அது. 1882இல் கோபன்ஹேகன் நகருக்கு வந்து மருத்துவம் பயின்று 1890இல் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே கொடிய நோய் ஒன்று அவரைப் பற்றிக்கொண்டது. இதயத்தையும் கல்லீரலையும் சூழ்ந்த சவ்வுகள் தடித்துவரும் நோய் அது. இறுதிவரை அவரை விடவில்லை. வெளிச்சம் குறைந்த அறையில் வாழ்ந்த அவர், வெயிலில் நின்றால் உடல் தெளிவடைவதாக உணர்ந்தார். இவ்வுணர்வே தம்மை ஒளி ஆராய்ச்சியில் செலுத்தியது என்பது அவரே கூறிய செய்தி.

1893இல் பின்சன் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒளிப்படக்காரர் தம் தகட்டைச் செவ்விளக்கு எரியும் இருட்டறையில்தான் கழுவுவர். நீலமும் ஊதாவும் பட்டால் தகடு கெடும். சிவப்பு பட்டால் கெடாது. பெரியம்மை கண்டவனுடைய தோலும் அத்தகடு போன்றதே என்று பின்சன் எண்ணினார். நீல ஊதாக் கதிர்கள் பட்டால் கொப்புளம் சீழ் கட்டும். அக்கதிர்களை விலக்கிவிட்டால் சீழும் வடுவும் குறையும் என்றார். எனவே சாளரங்களுக்குச் செங்கண்ணாடியோ கனத்த செந்திரையோ இட்டு, நோயாளியை அந்த அறையிலேயே வைத்திருக்க வேண்டும். சிறிதளவு வெள்ளொளியும் புகக்கூடாது என்று விதித்தார். நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்சன் செவ்வொளிக்குத் தனி ஆற்றல் உண்டென்று கூறவில்லை. தீங்கு செய்யும் கதிர் அங்கே இல்லை என்பதே அவர் கருதிய நன்மை. நார்வே நாட்டின் பெர்கன் நகர மருத்துவர்கள் இதனைச் செய்து பார்த்து, நற்பயன் கண்டதாக அறிவித்தனர். செய்தி ஐரோப்பா எங்கும் பரவியது.

தீங்கு செய்யும் அளவுக்கு வலிமை உடைய கதிரை நன்மைக்கும் பயன்படுத்தலாமே என்று பின்சன் அடுத்து எண்ணினார். அக்காலத்தில் வட ஐரோப்பிய மக்களை வாட்டிய நோய்களுள் ஒன்று லூப்பஸ் வல்காரிஸ் எனப்படும் தோல் காசநோய். அது முகத்தில் தோன்றி, மூக்கையும் உதட்டையும் சிறிது சிறிதாக அரித்துவிடும். அந்நோய் கண்டவர்கள் மக்கள் முன் வர நாணி ஒதுங்கி வாழ்ந்தனர். 1895இல், பல ஆண்டுகள் இந்நோயால் துன்புற்ற நீல்ஸ் மோகன்சன் என்ற பொறியாளர் பின்சனிடம் வந்தார். கோபன்ஹேகன் மின்விளக்கு நிலையத்தில் கார்பன் வில் விளக்கின் ஒளியைக் குவித்து அவருடைய முகத்தில் நாள்தோறும் செலுத்தினார் பின்சன். சில மாதங்களில் புண் ஆறத் தொடங்கியது.

1896இல் பின்சனுடைய ஒளி மருத்துவ நிலையம் தொடங்கப்பெற்றது. அங்கு நடந்த மருத்துவம் எளிதன்று. பெரிய வில் விளக்கிலிருந்து தொலைநோக்கி போன்ற குழாய்கள் இறங்கும். குவார்ட்ஸ் வில்லைகள் ஒளியைக் குவிக்கும். இடையில் ஓடும் நீர் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். செவிலி ஒருத்தி குவார்ட்ஸ் வில்லையால் தோலை அழுத்திப் பிடித்திருப்பாள். குருதி விலகினால்தான் ஒளி ஆழச் செல்லும். ஒரு சிறு இடத்திற்கு ஒரு மணி நேரம். அவ்வாறே பல மாதங்கள். டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்தின் இளவரசியாக இருந்த அலெக்சாண்டிரா 1900இல் இவ்விளக்கு ஒன்றை இலண்டன் மருத்துவமனைக்கு அளித்தார். அங்கு நிறுவப்பட்டுள்ள அவருடைய சிலையின் பீடத்தில் இவ்விளக்கால் மருத்துவம் செய்யும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. 1903இல் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு பின்சனுக்குக் கிடைத்தது. நேரில் சென்று பெற அவருடைய உடல் இடந்தரவில்லை. மறு ஆண்டு, 44 வயது நிறையுமுன் அவர் காலமானார்.

பின்சன் இரண்டு கூற்றுகளை உலகிற்கு அளித்தார். தோல் காசநோயைச் செறிந்த ஒளி தீர்க்கும் என்பது ஒன்று. பெரியம்மையின் கொடுமையைச் செவ்வறை குறைக்கும் என்பது மற்றொன்று. இரண்டையும் சொன்னவர் ஒருவரே. இரண்டிலும் அதே அறிவும் அதே அருளுள்ளமும் இருந்தன. ஆயினும் காலம் ஒன்றை ஏற்றது, ஒன்றைத் தள்ளியது.

தோல் காசநோய்க்கான ஒளி மருத்துவம், காசநோய்க்குரிய மருந்துகள் 1940களில் வரத் தொடங்கும் வரையில் மருத்துவமனைகளில் நிலைத்து நின்றது. செவ்வறையோ நிலைக்கவில்லை. 1904இல் ரிக்கெட்ஸ், பைல்ஸ் என்ற இரு மருத்துவர்கள் பெரியம்மை நோயாளிகளைச் செவ்வொளியில் வைத்துப் பார்த்து, நோயின் போக்கு மாறவில்லை என்று இலண்டனின் லான்செட் இதழில் எழுதினர். அவ்வாறாயின் முன்னே நற்பயன் கண்டதாகச் சொன்னவர்கள் பொய்யுரைத்தனரா? இல்லை. பெரியம்மை ஒருவனைக் கொல்லும். ஒருவனை வடுவோடு விடும். முன்பு அம்மை குத்திக்கொண்ட ஒருவனை இலேசாகத் தொட்டுச் செல்லும். இலேசாகக் கண்டவன் செவ்வறையில் இருந்தால் அறைக்குப் புகழ் வந்துவிடும். ஒத்த நிலையிலுள்ள மற்றொரு கூட்டத்தாரைச் சாதாரண அறையில் வைத்து ஒப்பிட்டால்தான் உண்மை புலப்படும். பெரியம்மையை வென்றது 1796இல் எட்வர்டு ஜென்னர் தொடங்கிய தடுப்பு முறையே. அந்நோய் உலகிலிருந்து ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது.

இன்னுமொரு செய்தி. 2005இல் டென்மார்க்கு ஆராய்ச்சியாளர் சிலர் பின்சனின் பழைய விளக்குகளை எடுத்து ஆராய்ந்தனர். அவற்றின் வில்லைகள் குறுகிய புற ஊதாக் கதிர்களைத் தடுத்துவிட்டன என்றும், காசநோய்க் கிருமியில் இயல்பாக உள்ள ஒரு நிறமி, எஞ்சிய ஒளியைப் பற்றி அக்கிருமியையே அழித்திருக்கலாம் என்றும் அவர்கள் எழுதினர். ஆகவே பின்சன் கொண்ட விளக்கம் திருத்தம் பெற்றது. ஆனால் அவர் கண்ட பயன் நிலைத்தது. செவ்வறைக்கோ விளக்கம் அழகாக அமைந்தது, பயன் இல்லை. காரணம் கூற முடிவதாலேயே ஒரு மருத்துவம் மெய்யாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சோதனையை விட்டுக் கதையை மட்டும் பற்றிக்கொண்டவர்களும் இருந்தனர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிளசன்டன் என்ற தளபதி, நீலக் கண்ணாடி வேய்ந்த கூடத்தில் திராட்சை செழித்ததைக் கண்டு, நீல ஒளி எல்லா நோயையும் போக்கும் என்றார். 1876இல் அவர் வெளியிட்ட நூல் நீலத் தாளிலேயே அச்சிடப்பட்டது. மறு ஆண்டில் நீலக் கண்ணாடி வாங்கும் வெறி அந்நாட்டைப் பிடித்தது. நீலக் கண்ணாடி புதிதாக எதையும் தருவதில்லை, வரும் ஒளியைக் குறைக்கவே செய்கிறது என்று அறிவியல் இதழ்கள் எழுதியபின் வெறி தணிந்தது.

அடுத்தவர் நம் நாட்டில் பிறந்தவர். 1873இல் பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் தோன்றிய டின்ஷா காடியாலி, அமெரிக்காவில் குடியேறி, 1920இல் ஒரு வண்ண விளக்கைப் படைத்தார். பெட்டிக்குள் ஒரு மின்விளக்கு. அதன் முன் மாற்றி மாற்றிச் செருக வண்ணக் கண்ணாடிகள். ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு நிறம் என்று அவர் அட்டவணை வகுத்தார். நீரிழிவுக்கும் நிறமே மருந்து எனப்பட்டது. அப்போது இன்சுலின் கண்டறியப்பட்டிருந்தது. அது இல்லாமல் உயிர் தரிக்க இயலாத நோயாளிகளும் இருந்தனர். பொய்யான பயன்களைக் கூறி விற்றார் என்று 1947இல் நியூஜெர்சி நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அவ்வண்ணப் பெட்டியின் ஒளி எவரையும் சுட்டதில்லை. அதை நம்பி மருந்தை விட்டதே கேடு. இன்றைய செவ்விளக்குகளைப் பற்றிப் பேசும்போதும் இதனை நாம் மறத்தலாகாது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. எசெக்ஸ் மாவட்டத்து ரோச்போர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர், குறைமாதக் குழந்தைகளை வெயிலும் காற்றும் பெற வெளியே கொண்டு செல்வது வழக்கம். 1956இல் ஒரு குழந்தையை அவர் மருத்துவர்களிடம் காட்டினார். வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் மங்கியிருந்தது. துணி மூடிய ஒரு பகுதி மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அவர்கள் இதனைத் தற்செயல் என்று விட்டுவிடவில்லை. சாளரத்து வெயிலில் இருந்த குருதிக் குழாயிலும் மஞ்சள் நிறமி குறைந்திருப்பதைக் கண்டனர், அளந்தனர், விளக்கு அமைத்துச் சோதித்தனர், 1958இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். பச்சிளங்குழந்தைகளின் மஞ்சட்காமாலைக்கு இன்று நம் ஊர் மருத்துவமனைகளிலும் நீல விளக்கு எரிகிறதென்றால், அந்தச் செவிலியரின் கூரிய கண்ணே அதற்கு வித்து. அங்கு ஒளியின் நிறம், அளவு, நேரம் அனைத்தும் கணக்கிடப்படுகின்றன, குழந்தையின் கண் மூடப்படுகிறது, குருதி சோதிக்கப்படுகிறது.

இன்றைய செவ்வொளி மருத்துவத்தின் கதை 1960இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் தியோடர் மைமன் என்ற அமெரிக்கர் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரைப் படைத்தார். அதன் ஒளி செந்நிறம். 1967இல் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், மயிர் மழித்த சுண்டெலிகளின்மேல் வலிமை குறைந்த செந்நிற லேசரைச் செலுத்தியபோது, ஒளி பட்ட இடத்தில் மயிர் விரைந்து வளர்வதைக் கண்டார். பின்னர் ஆறாத புண்களிலும் இதனைப் பயன்படுத்திப் பார்த்தார். 1990களில் விண்கலத்தில் பயிர் வளர்க்க அமெரிக்கர் எல்.இ.டி. விளக்குகளை ஆக்கினர், அவ்விளக்குகள் மருத்துவ ஆராய்ச்சிக்கும் வந்தன. லேசரைவிட மலிவான அவற்றால்தான் இம்மருத்துவம் வீட்டுக்குள் நுழைந்தது.

இவ்வொளியின் அலைநீளம் பெரும்பாலும் 630 முதல் 660 நானோமீட்டர். அகச்சிவப்பாயின் 800 முதல் 850 வரை. நீலத்தைவிட இது தோலில் ஆழமாகச் செல்லும். உயிரணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி இவ்வொளியை ஏற்று, அணுவின் வேலையை ஊக்குகிறது என்பது பலர் கொள்ளும் விளக்கம். அது இன்னும் ஆராய்ச்சியில் இருப்பதே. அன்றியும் அளவு குறைந்தால் பயனில்லை. மிகுந்தால் பயன் குன்றும் என்றும் சோதனைகள் காட்டுகின்றன.

இனி, பயன் எவ்வளவு என்று பார்ப்போம். புற்றுநோய்க்குக் கதிர் மருத்துவமோ மருந்தோ பெறுவோருக்கு வாயில் கொடிய புண் உண்டாவதுண்டு. அதனைத் தடுக்கச் செந்நிற ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் உதவுகின்றன என்பதற்கு நல்ல சான்று உண்டு. 2018இல் பிரித்தானிய நல வாழ்வுத் தர நிறுவனமும் இம்முறைக்கு இசைவளித்தது. கழுத்துவலியைப் பற்றி 2009இல் லான்செட் இதழ் 16 ஆய்வுகளைத் தொகுத்தது. அவற்றில் பங்குகொண்டவர் 820 பேர். வலி ஓரளவு குறைந்தது என்பது முடிவு. தலைமுடிக்கு, லேசர் சீப்பு ஒன்றை விற்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007இல் இடமளித்தது. பரம்பரை வழுக்கையில் முடி ஓரளவு அடர்கிறது என்று ஆய்வுகள் கூறுகின்றன. வழுக்கை முழுதும் மறைகிறது என்று அவை கூறவில்லை.

முகச்சுருக்கத்திற்கு ஓரளவு பயன் உண்டென்று சிறு ஆய்வுகள் சில காட்டியிருக்கின்றன. முகப்பருவைப் பற்றி 2016இல் காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 71 ஆய்வுகளை எடுத்து நோக்கியது. 4,211 பேர் அவற்றில் இடம்பெற்றிருந்தனர். ஒளி மருத்துவங்களைப் பற்றி உறுதியாக முடிவு கூறத்தக்க உயர்தரச் சான்று போதவில்லை என்பதே அதன் தீர்ப்பு. தோல் மருத்துவர் சிலவகைத் தோல் புற்றுக்கு மருந்துக் களிம்பு பூசிச் செவ்வொளி காட்டுவது உண்டு. அங்கு வேலை செய்வது ஒளியால் தூண்டப்பட்ட களிம்பு. அதனைக் காட்டி முகமூடியை விற்பது பொருந்தாது. உறக்கமின்மை, உடற்பருமன், மனச்சோர்வு என விளம்பரங்கள் நீட்டும் பட்டியலுக்கு இத்தகைய வலுவான சான்று இல்லை.

நம் போன்ற கருநிறத் தோலினர் அறியவேண்டியது ஒன்றுண்டு. அமெரிக்காவில் நடந்த ஒரு பாதுகாப்பு ஆய்வில், வெள்ளை நிறத்தவர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 480 ஜூல் அளவு செவ்வொளியைத் தாங்கினர். கருநிறத் தோலினர்க்கு அவ்வெல்லை 320 ஜூலாக இருந்தது. எல்லை மீறினால் கொப்புளமும் கருமையும் தோன்றலாம். மங்கு உடையவர்களுக்கு வெப்பம் அதனை மிகுவிக்கக்கூடும். ஒளிக்கூச்சம் தரும் மருந்து உட்கொள்வோரும் கண்ணோய் உடையோரும் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடுதல் கூடாது.

என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் நீரிழிவுக்காரர். காலில் ஆறாத சிறு புண்ணோடு ஒரு நாள் என்னிடம் வந்தார். ஒரு செவ்விளக்கை வாங்கி மாதம் ஒன்று காட்டிப் பார்த்துவிட்டு, பிறகு மருத்துவரிடம் போகலாமா என்று கேட்டார். விளக்கின் விலை அவருடைய மாத ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல். பணம் போனால் மீண்டும் வரும், ஐயா, கால் வருமா என்று கேட்டேன். அன்று மாலையே மருத்துவமனைக்கு உடன் சென்றேன். புண்ணின் அடியில் சீழ் இருந்தது. ஒரு மாதம் கழித்திருந்தால் விரலை இழந்திருப்பார் என்று மருத்துவர் சொன்னார்.

ஆகவே விளக்கை வாங்க எண்ணுவோர் நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்வது நலம். என் நோய் இன்னதென்று மருத்துவர் கண்டு சொல்லியிருக்கிறாரா? அந்த நோய்க்கு இந்த ஒளி பயன்பட்டது என்று, ஒளி பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டுக் காட்டிய ஆய்வு உண்டா? அவ்வாய்வில் பயன்பட்ட அலைநீளமும் அளவும் இவ்விளக்கில் உள்ளனவா? இதனை நம்பி நான் கைவிடும் மருந்து யாது? முதல் மூன்றுக்கும் நிறைவான விடை கிடைத்து, நான்காவதற்கு ஒன்றுமில்லை என்று விடை வருமானால், வசதியுடையோர் வாங்கலாம், பெரும்பாலும் தீங்கில்லை. விடை வேறாயின், காலை இளவெயிலில் சிறிது நேரம் நடந்துவிட்டு மருத்துவரைக் காணச் செல்வதே மேல்.